200 வாட் என்ற எண்ணுக்கு அப்பால்: உயர் ஆற்றல் வேப் கருவியையும் அதன் டேங்கையும் மதிப்பிடும் முறை

பெட்டியின் மேல் 200 வாட் என்று பெரிதாக அச்சிட்ட வேப் கருவியை (மின் சிகரெட்டை) வாங்குபவர்களில் பெரும்பாலோர் அந்த 200 வாட்டை ஒருநாளும் தொடப்போவதில்லை. அதனுடன் வரும் டேங்கில், அதாவது திரவம் நிரப்பும் கலனில், பொருத்தும் காயில்கள் (திரவத்தை ஆவியாக்கும் சூடேற்றிகள்) பெரும்பாலும் 50 முதல் 90 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் ஏற்றினால் காயிலுக்குள் திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு கருகிவிடும். ஆகவே இப்படிப்பட்ட கருவியை மதிப்பிடும்போது, அதன் உச்ச வரம்பைத் துரத்துவதை விட, அந்த டேங்க் உண்மையில் வேலை செய்யும் வாட்டில், பாதிக்கு மேல் தீர்ந்துபோன பேட்டரியுடன், கருவி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதே சரியான முறை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

எடுத்துக்காட்டுக்கு கீக்வேப் நிறுவனத்தின் எல்200 கருவியையும், அதனுடன் விற்கப்படும் இசட் வகை சப்-ஓம் டேங்கையும் (மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவான காயில் பொருத்தும் டேங்க்) எடுத்துக்கொள்கிறேன். இரண்டு 18650 பேட்டரிகள், 200 வாட் உச்சம், மேற்புறக் காற்றுத் துளை, மெஷ் காயில் என்று இந்த வகைக் கருவிகளின் பொது இலக்கணம் எல்லாம் அதில் இருக்கிறது. வேறு நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் சோதனைகள் மாறாது.

சூழல் பிரிட்டன். அங்கே 18 வயது நிரம்பியவர்கள் இவற்றைச் சட்டப்படி வாங்கலாம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மின் சிகரெட் தடைச் சட்டம் இவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு எல்லாவற்றையும் தடை செய்கிறது. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். லண்டனிலிருந்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ விடுமுறைக்குப் புறப்படுபவர்கள் கருவியை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இது சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிய, அல்லது மாற முயலும், வயதுவந்தவர்களுக்கான எழுத்து. புகைப் பழக்கமே இல்லாதவர் நிகோடினைத் தொட எந்தக் காரணமும் இல்லை.

படி 1: இவ்வளவு ஆற்றல் தேவைதானா என்று முடிவு செய்தல்

வேப்பில் இழுக்கும் முறை இரண்டு. சிகரெட்டைப் போல ஆவியை முதலில் வாயில் நிறுத்திப் பிறகு நுரையீரலுக்கு அனுப்புவது ஒன்று. நேராக நுரையீரலுக்கே இழுப்பது மற்றொன்று. முதல் முறைக்கு 10 முதல் 20 வாட் வரையிலான சிறிய பாட் கருவி போதும், மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் நிகோடின் உள்ள திரவம் அதற்குப் பொருந்தும். சப்-ஓம் டேங்க் இரண்டாவது முறைக்கானது. ஓர் இழுப்பில் அது ஆவியாக்கும் திரவம் மிக அதிகம் என்பதால், அதில் 3 மில்லிகிராம், மிஞ்சிப்போனால் 6 மில்லிகிராம் நிகோடின்தான் ஊற்ற வேண்டும். பாட் கருவிக்கு வாங்கிய 20 மில்லிகிராம் நிக் சால்ட் (உப்பு வடிவ நிகோடின்) திரவத்தை 75 வாட் டேங்கில் ஊற்றினால், தொண்டை எரிச்சலோடு தலைசுற்றலும் குமட்டலும் சில இழுப்புகளிலேயே வந்துவிடும்.

நேற்றுவரை நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் குடித்தவருக்கு இந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்குத் தேவை நிகோடின் போதிய அளவில், பழகிய இழுப்பில் கிடைப்பது. அதைச் சிறிய கருவி குறைந்த செலவில் செய்கிறது. அந்தக் கட்டத்தைக் கடந்து, நிகோடின் அளவைக் குறைத்துக்கொண்டு, சுவைக்கும் அடர்ந்த ஆவிக்கும் முன்னுரிமை தருபவருக்கே இது ஏற்றது.

படி 2: பெட்டியைத் திறக்கும் முன்

பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி டேங்கின் கொள்ளளவு 2 மில்லிலிட்டரைத் தாண்டக்கூடாது, நிகோடின் உள்ள திரவக் குப்பி 10 மில்லிலிட்டரைத் தாண்டக்கூடாது, நிகோடின் செறிவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நிகோடின் உள்ள பொருள்கள் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எம்எச்ஆர்ஏவிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவிக்கப்பட்டவற்றின் பட்டியலை யாரும் பார்க்கலாம். 5 மில்லிலிட்டர் டேங்குடன் ஒரு பெட்டி பிரிட்டன் கடை அலமாரியில் இருந்தால், அது வேறு சந்தைக்காகச் செய்யப்பட்டு வந்தது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

போலிகள் நிறைய உலவுகின்றன. பெரிய நிறுவனங்கள் பெட்டியின் பக்கவாட்டில் சுரண்டிப் பார்க்கும் குறியீடு ஒன்றை ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி நிறுவனத்தின் தளத்தில் உள்ளிட்டால் அசலா என்பது தெரியும். ஏற்கெனவே பலமுறை சோதிக்கப்பட்ட குறியீடு என்று வந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படி 3: பேட்டரி

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால், இதைப் படியுங்கள். 18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் அயனிக் கலம். இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் பேட்டரி இல்லாமலே விற்கப்படுகின்றன. தேர்வு வாங்குபவர் தலையில் விழுகிறது.

கணக்கு எளிது. கருவியின் உள்ளே உள்ள மின்சுற்று ஏறக்குறைய 90 சதவீதத் திறனுடன் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காயிலுக்கு 75 வாட் தர, பேட்டரிகளிலிருந்து சுமார் 83 வாட் எடுக்க வேண்டும். தொடர் இணைப்பில் உள்ள இரண்டு கலங்களும் முழுதாக ஏறியிருக்கும்போது மொத்தம் 8.4 வோல்ட், 83ஐ 8.4ஆல் வகுத்தால் சுமார் 10 ஆம்பியர். கலங்கள் தீர்ந்து ஒவ்வொன்றும் 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது அதே 83 வாட்டுக்கு 13 ஆம்பியர் தேவைப்படும். வோல்ட் இறங்க இறங்க ஆம்பியர் ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காயிலின் ஓம் அளவைப் பார்த்தே பேட்டரியின் சுமையை முடிவு செய்துவிடுகிறார்கள். மின்சுற்றுக் கட்டுப்பாடு இல்லாத மெக்கானிக்கல் கருவிக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். கட்டுப்பாட்டுச் சுற்று உள்ள கருவியில் பேட்டரியின் சுமையைத் தீர்மானிப்பது வாட் அளவு.

இதே கணக்கை 200 வாட்டுக்குப் போட்டால், தீரும் தறுவாயில் உள்ள கலங்களிலிருந்து கிட்டத்தட்ட 35 ஆம்பியர் இழுக்க வேண்டியிருக்கும். சாம்சங் 25ஆர் கலத்தின் வரம்பு 20 ஆம்பியர், எல்ஜி எச்ஜி2 கலத்தின் வரம்பும் அதுவே. மோலிசெல் பி26ஏ கலத்துக்கு அதன் தயாரிப்பாளர் 35 ஆம்பியர் என்று குறிக்கிறார், அதையும் விளிம்பில்தான் தொட முடியும். 200 வாட் என்ற எண் விளம்பரத்துக்கானது என்று சொல்வதன் அடிப்படை இந்தக் கூட்டல் கழித்தல்தான். மறுபுறம், 75 வாட்டில் 20 ஆம்பியர் கலங்கள் நிம்மதியாக வேலை செய்யும். உயர் ஆற்றல் கருவியின் உண்மையான பயன் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

வாங்கும்போது 18650 அளவில் 3600 மில்லியாம்பியர் மணிக்கு மேல் அச்சிட்ட எந்தக் கலத்தையும் தள்ளிவிடுங்கள். 5000, 9900 என்று அச்சிட்டவை வெறும் உறைச் சாயம். ஆம்பியரும் கொள்ளளவும் ஒன்றையொன்று இழுக்கும் குணங்கள் என்பதால், 40 ஆம்பியரும் 3000 மில்லியாம்பியர் மணியும் ஒரே உறையில் அச்சாகியிருந்தால் அதையும் எளிதில் நம்ப வேண்டாம். கலம் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் சில, தங்கள் கலங்களை வேப் கருவிகளில் தனிக்கலமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே எச்சரித்திருக்கின்றன. பொறுப்பு முழுதும் நம்முடையது என்று அதற்குப் பொருள்.

புதிதாக ஒரே நாளில் வாங்கிய இரண்டு கலங்களை ஒரு ஜோடியாகக் குறித்து வைத்து, எப்போதும் சேர்த்தே ஏற்றிச் சேர்த்தே தீர்க்க வேண்டும். நேர்முனையின் மேல் உள்ள வெள்ளை வளையத்தையும் உறையின் விளிம்பையும் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். நேர்முனை பொத்தான்போல் நடுவில் இருக்க, அதைச் சூழ்ந்த உலோக விளிம்பு முழுவதும் எதிர்முனைதான். அங்கே உறையில் கடுகளவு கிழிசல் இருந்தாலும், கருவியின் உலோகச் சுவர் அதைத் தொட்டால் குறுஞ்சுற்று ஏற்படும். கிழிந்த உறையை மாற்றச் சில்லறைக் காசுதான் ஆகும். சாவிக்கொத்தோடு கலத்தைச் சட்டைப்பையில் போடுவது தீக்காயத்துக்கு வழி. பிளாஸ்டிக் உறைப்பெட்டி கட்டாயம். விமானத்தில் கலங்களும் கருவியும் கைப்பையில்தான் செல்ல வேண்டும், சரக்குப் பையில் கூடாது.

2018 மே மாதத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், ஒருவர் வேப் கருவி வெடித்து உயிரிழந்தார். அது மெக்கானிக்கல் வகைக் கருவி. கட்டுப்பாட்டுச் சுற்றின் மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தச் செய்தி போதுமானது.

படி 4: திரவம் இல்லாமல் கருவியைச் சோதித்தல்

பேட்டரி இடுமுன் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு ஆடினால் உள்ளே தொடுமுனைகள் சீராகப் பொருந்தா. பேட்டரி அறையின் அடியிலோ கதவிலோ வாயு வெளியேறும் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். நீர்புகாத கருவிகளில் இதை வேறு விதமாக அமைத்திருப்பார்கள், கையேட்டில் இருக்கும். ஐபி67, ஐபி68 போன்ற நீர்த்தடுப்புக் குறியீடுகள் கருவியின் உடலுக்கு மட்டும் உரியவை. டேங்கோடு சேர்த்துத் தண்ணீரில் முக்கிக் காட்டும் காணொளிகளைப் பார்த்து யாரும் அதை முயல வேண்டாம்.

கலங்களை இட்டபின், டேங்க் இல்லாமல் பொத்தானை அழுத்தினால், ஆவியாக்கி இல்லை என்ற செய்தி திரையில் வர வேண்டும். டேங்கைக் கருவியின் உச்சியில் உள்ள 510 இணைப்பில் (டேங்க் திருகும் பொது அளவுத் துளை) திருகியபின் ஓம் அளவைப் பாருங்கள். 0.2 ஓம் என்று அச்சிட்ட காயில் 0.18க்கும் 0.22க்கும் இடையில் காட்டினால் இயல்பு. டேங்கைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் எண் தாவினால், குறை 510 இணைப்பின் நடுமுள்ளில் இருக்கலாம். தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் சுமார் 10 விநாடிகளில் மின்சாரம் தானாக நிற்கிறதா என்பதைப் பிற்பாடு, திரவம் ஊற்றிய பிறகு, மிகக் குறைந்த வாட்டில் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரியைத் தலைகீழாக இட்டுச் சோதிப்பது, வேண்டுமென்றே குறுஞ்சுற்று ஏற்படுத்துவது போன்ற வீரச்செயல்கள் மதிப்பீட்டில் சேராது.

படி 5: டேங்கைப் பிரித்துப் பார்த்தல்

டேங்கை முழுவதும் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைத்து உலர்த்துங்கள். திருகுகளில் தொழிற்சாலை எண்ணெய் படிந்திருக்கும், முதல் டேங்கின் சுவையை அது கெடுத்துவிடும். பிரிக்கும்போதே திருகு இழைகளின் தரம் விரலுக்குத் தெரியும். சிறிதளவு அழுத்தத்தில் வழுக்கிச் செல்வது நல்லது. மணல் அரைபடுவதுபோல் நறநறத்தால் ஆறு மாதத்தில் அது சிக்கிக்கொள்ளும். ஓ-ரிங்குகள் எத்தனை, எங்கே என்று பார்த்து, உபரி ஓ-ரிங்கும் உபரிக் கண்ணாடியும் பெட்டியில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

காற்றுத் துளை எங்கே என்பது பெரிய விஷயம். அடியில் துளை உள்ள டேங்கில் காற்று நேராகக் காயிலைத் தொடும், சுவை கூர்மையாக இருக்கும். ஆனால் ஒழுகினால் திரவம் அந்தத் துளை வழியே கருவியின் மேல் வடியும். மேற்புறத் துளை உள்ள டேங்கில், காற்று மேலிருந்து ஒரு சுவர் இடுக்கின் வழியாக இறங்கிக் காயிலின் அடியை அடைந்து மீண்டும் ஏறுவதால், ஒழுகல் மிகவும் குறையும். எல்200 உடன் வரும் இசட் டேங்க் இந்த வகை. என் கணக்கில், சட்டைப்பையிலோ காரிலோ கருவி படுத்துக் கிடக்கும் வாழ்க்கை உள்ளவர், சுவையில் சிறு இழப்பைப் பொருட்படுத்தாமல் மேற்புறத் துளையைத் தேர்வதே மேல்.

படி 6: காயிலை நனைத்தல்

மெஷ் காயிலின் உள்ளே, துளையிட்ட மெல்லிய உலோகத் தகட்டைச் சுற்றி பஞ்சு இருக்கும். காயிலின் பக்கத் துளைகளில் தெரியும் பஞ்சின் மேல் சில சொட்டுத் திரவம் விட்டு, அது நிறம் மாறி ஊறும்வரை பாருங்கள். பிறகு டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். பொத்தானை அழுத்தாமல் இரண்டு மூன்று முறை இழுத்தால் காற்றுக் குமிழ்கள் மேலேறும். பஞ்சு திரவத்தை உறிஞ்சுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

காய்ந்த பஞ்சைச் சுட்டால் கருகல் சுவை மட்டும் வருவதில்லை. திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் அதிவெப்பத்தில் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகளாகின்றன. கருகல் சுவை தெரிந்தால் அந்த இழுப்பை அங்கேயே நிறுத்துங்கள். கருகிய காயில் மீளாது, அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

திரவத்தைப் பொறுத்தவரை, சப்-ஓம் டேங்குக்கு 70 சதவீதம் கிளிசரினும் 30 சதவீதம் புரோப்பிலீன் கிளைக்காலும் உள்ள கலவை பொருந்தும். பாட் கருவிக்கான நீர்த்த 50-50 கலவை பெரிய துளைகள் வழியே பொசிந்து ஒழுகும். அது டேங்கின் குறையாகாது. பிரிட்டனில் 10 மில்லிலிட்டர் வரம்பைச் சமாளிக்க ஷார்ட்ஃபில் என்ற முறை வழக்கத்தில் உள்ளது: 60 மில்லிலிட்டர் குப்பியில் நிகோடின் இல்லாத திரவம் 50 மில்லிலிட்டர் இருக்கும், அதில் மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் நிகோடின் உள்ள சிறு குப்பியான நிகோடின் ஷாட் 10 மில்லிலிட்டர் ஊற்றிக் குலுக்கினால், மொத்தத்தில் 3 மில்லிகிராம் செறிவு கிடைக்கும். பெயர் தெரியாத திரவத்தை எந்தக் காரணத்துக்காகவும் சோதனைக்குக்கூட ஊற்ற வேண்டாம். 2019இல் அமெரிக்காவில் பரவிய கடும் நுரையீரல் பாதிப்பில் 68 பேர் இறந்தனர். கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சாச் சாற்றுக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட் அதன் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

படி 7: வாட்டைப் படிப்படியாக ஏற்றுதல்

இசட் டேங்கின் 0.2 ஓம் காயிலுக்கு 70 முதல் 80 வாட் என்றும், 0.4 ஓம் காயிலுக்கு 50 முதல் 60 வாட் என்றும் குறித்திருப்பார்கள். 0.2 ஓம் காயிலை 50 வாட்டில் தொடங்கி, ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஒவ்வொரு நிலையிலும் சில இழுப்புகள் இழுத்து, இடையில் அரை நிமிடம் விடுங்கள். கவனிக்க வேண்டியவை: அழுத்தியதும் ஆவி வர எவ்வளவு தாமதம், சுவை எந்த வாட்டில் மலர்கிறது, எந்த வாட்டில் தொண்டையில் சூடு தட்டுகிறது, திரவத் துளிகள் வாயில் தெறிக்கின்றனவா. பல காயில்களுக்குச் சிறந்த இடம் அச்சிட்ட வரம்பின் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது. மேல் வரம்பைத் தொடும்போது ஆவி கூடும், சுவை தட்டையாகும், திரவம் வேகமாகத் தீரும்.

பிறகு, தொடர்ந்து இடைவெளி குறைத்து இழுத்துப் பாருங்கள். கிளிசரின் மிகுந்த கெட்டியான திரவம் பஞ்சை நனைக்க நேரம் எடுக்கும். ஐந்தாறு இழுப்புகளில் சுவை வறண்டால் காயிலின் நனைவுத் துளைகள் போதவில்லை. வாய்ப்பகுதி உதட்டைச் சுடுகிறதா என்பதும் இப்போதுதான் தெரியும்.

வெப்பக் கட்டுப்பாட்டு முறை பெரும்பாலான கருவிகளில் உண்டு. உலோகம் சூடாகும்போது அதன் மின்தடை எவ்வளவு கூடுகிறது என்பதைக் கொண்டே கருவி வெப்பத்தை ஊகிக்கிறது. கந்தால் என்ற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலப்பு உலோகக் கம்பியின் மின்தடை சூட்டில் பெரிதாக மாறாது, எனவே கந்தால் மெஷ் காயிலில் இந்த முறை வேலை செய்யாது. துருப்பிடிக்காத எஃகு, நிக்கல், டைட்டானியம் காயில்களுக்கே பொருந்தும். பெரும்பாலோர் இதைத் தொடமாட்டார்கள்.

படி 8: தீரும் பேட்டரியில் சோதனை

எனக்கு ஒரு கருவி பிடிக்குமா பிடிக்காதா என்பதை முடிவு செய்வது இந்தப் படிதான். முழு பேட்டரியில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். திரையில் மூன்றில் ஒரு பங்கு மீதம் என்று காட்டும் நிலையில், அதே 75 வாட்டில் அதே இழுப்பை இழுங்கள். நல்ல மின்சுற்று கலங்களிலிருந்து கூடுதல் ஆம்பியரை இழுத்து, காயிலுக்குச் செல்லும் வாட்டைக் குறையவிடாமல் ஆவியைச் சீராக வைத்திருக்கும். மோசமானது வாட் எண்ணை மாற்றாமலே ஆவியை மெலியவிடும், அல்லது பேட்டரி பலவீனம் என்ற எச்சரிக்கையை முன்கூட்டியே காட்டி நின்றுவிடும். எச்சரிக்கை வந்தால் கருவியைக் குறை சொல்லும்முன் வேறு ஒரு நல்ல ஜோடியை இட்டுப் பாருங்கள். சுமையில் வோல்ட் சரியும் பழைய கலங்களாலும் இது வரும்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதைக் கணக்காலும் ஒப்பிடலாம். 2500 மில்லியாம்பியர் மணிக் கலங்கள் இரண்டில் ஏறக்குறைய 18 வாட் மணி ஆற்றல் உண்டு. 83 வாட்டில் அதைத் தீர்த்தால் கணக்குப்படி சுமார் 13 நிமிட எரிப்பு, அதாவது மூன்று விநாடி இழுப்புகள் 260. கருவி முழுமையாகத் தீர்க்க விடாது, சுமையிலும் இழப்பு உண்டு. 180, 200 இழுப்புகள் கிடைத்தால் திருப்தி அடையலாம். 100ஐக்கூடத் தொடவில்லை என்றால் எங்கோ கோளாறு. தீர்ந்த இரு கலங்களையும் மல்டிமீட்டரால் அளந்து, இரண்டுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு தொடர்ந்து வந்தால் அந்த ஜோடியைப் பிரித்து மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். கருவியில் யுஎஸ்பி-சி வழியே ஏற்றும் வசதி இருந்தாலும், வெளிச் சார்ஜரில் ஏற்றுவதே நல்ல பழக்கம். ஒவ்வொரு கலமும் தனித்தனியே 4.2 வோல்ட்டை அடையும்.

படி 9: ஒழுகலும் செலவும்

நிரப்பிய டேங்கைக் கருவியோடு ஒரு காகிதக் கைக்குட்டையின் மேல் இரவு முழுதும் படுக்கவையுங்கள். காலையில் 510 இணைப்பைச் சுற்றி மெல்லிய ஈரம் இருந்தால், பெரும்பாலும் அது குளிர்ந்த ஆவியின் படிவு, துடைத்தால் போதும். காகிதத்தில் வட்டமாகக் கறை பரவியிருந்தால் அது ஒழுகல்: ஓ-ரிங்கை மாற்றி, காயிலை இறுக்கி, மறுநாள் மீண்டும் பாருங்கள்.

75 வாட்டில் 2 மில்லிலிட்டர் டேங்க் சில பத்து இழுப்புகளில் காலியாகிவிடும் என்பது பிரிட்டன் பயனர்களின் நிரந்தரப் புலம்பல். புடைத்த வடிவ உபரிக் கண்ணாடிகளைத் தனியே வாங்கிப் பொருத்துவது அங்கே பரவலாக நடக்கிறது. திரவச் செலவை இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது. 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிலிட்டர் திரவத்துக்கு 2.20 பவுண்டு வரி என்று பிரிட்டன் அரசு 2024 பட்ஜெட்டில் அறிவித்தது. நிகோடின் இல்லாத திரவத்துக்கும் அது உண்டு. 50 மில்லிலிட்டர் ஷார்ட்ஃபில் திரவமும் 10 மில்லிலிட்டர் நிகோடின் ஷாட்டும் சேர்ந்தால் வரி மட்டும் 13.20 பவுண்டு ஆகும். அந்த வரியோடு, அதே நிகோடினை மூன்றில் ஒரு பங்கு திரவத்தில் தரும் சிறிய பாட் கருவியுடன் இந்தக் கருவி போட்டியிட முடியாது.

காயில் ஒன்று சராசரியாக ஒன்றிரண்டு வாரம் வரும். சுக்ரலோஸ் கலந்த இனிப்புத் திரவம் தகட்டில் கறுத்த பாகாகப் படிந்து அதைச் சில நாட்களாகச் சுருக்கிவிடும். ஒரு டேங்கின் காயில் ஆயுளைக் குறை சொல்லும்முன், இனிப்பூட்டாத திரவத்தில் ஒரு காயிலை ஓட்டிப் பாருங்கள்.

படி 10: வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா

மேற்சொன்னவற்றை எல்லாம் வாங்கிய மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதன் பிறகு பழுதுபார்ப்பு, மாற்றுப்பொருள் என்று பேச்சு திசைமாறும். கதவு ஆடுவது, ஓம் எண் தாவுவது, பொத்தான் அழுத்தாமலே சூடாவது, சார்ஜில் கை வைக்க முடியாத வெப்பம் ஆகிய நான்கில் எது வந்தாலும் காயிலை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்த வேண்டாம். கலங்களை வெளியே எடுத்துவிட்டுக் கருவியைக் கடையில் கொடுத்துவிடுங்கள். காயம், ஒவ்வாமை, வெப்பக் கோளாறு போன்றவை நேர்ந்தால் எம்எச்ஆர்ஏவின் யெல்லோ கார்டு முறையில் யாரும் புகார் பதிவு செய்யலாம். சுவை பிடிக்கவில்லை, ஆவி போதவில்லை என்பவை சட்டத்தின் கண்ணில் குறைகள் ஆகா; அவற்றுக்கு வேறு ஓம் அளவுள்ள ஒரு காயிலையும் வேறு ஒரு திரவத்தையும் முயன்ற பிறகே அந்த டேங்கைப் பற்றி முடிவுக்கு வர வேண்டும்.